உள்ளங்கையளவு நிலம்

பேர்லினில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் காவல் வேலை செய்கிறேன். தடியும் துப்பாக்கியும் இல்லாத காவல். கறுப்பு உடுப்பும் கழுத்தில் ஓர் அட்டையும்தான். ஆட்கள் படங்களைத் தொடாமலும், முதுகுப்பையோடு உள்ளே வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் இருபத்திரண்டு வருடங்கள் உணவகச் சமையலறைகளில் நின்றவன் நான். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சமைத்தேன். முள்ளந்தண்டு தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, வேலை அலுவலகம் மூன்று மாதப் படிப்பொன்றுக்கு அனுப்பி என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

சமையலறையின் இரைச்சலுக்குப் பழகியவனுக்கு இந்த அமைதி முதலில் பெரிய சோதனையாக இருந்தது. எட்டு மணி நேரத்தில் இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், சொல்வேன். அவ்வளவுதான்.

சென்ற குளிர்காலத்தில் அங்கே பழைய ஜெர்மன் அச்சுப்படங்களின் கண்காட்சி ஒன்று நடந்தது. தாளில் அச்சிட்ட படங்களுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் அறையை அந்திப்பொழுது மாதிரி மங்கலாக வைத்திருந்தார்கள். மூன்று மாதம் மட்டுமே சுவரில் இருக்கும், அதன் பிறகு வருடக்கணக்காகப் பெட்டிக்குள்தான் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. எனக்குக் கிடைத்தது கடைசி அறை. பெரும்பாலானோர் களைத்துப்போய் வந்து சேருகிற அறை அது. வந்தவுடன் வாசல் எங்கே என்று தேடுவார்கள்.

அந்த அறையின் மூலையில் ஒரு படம் இருந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியின் தெற்கில் வாழ்ந்த ஒருவர் செய்தது. படங்களுக்குப் பொறுப்பான அம்மையார் கூட்டங்களுக்கு விளக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அது எப்படிச் செய்யப்பட்டது என்று எனக்கும் பாடமாகிவிட்டது. இரும்புத் தகட்டில் மெழுகு பூசி, மெழுகின் மேல் ஊசியால் கீறி, தகட்டை அமிலத்தில் விடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்து எடுக்கும். அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து ஈரத் தாளை வைத்து அழுத்தினால் படம் வரும். இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதால் அதிகம் அச்சிட முடிந்ததில்லை. எங்கள் படத்தின் வானத்திலும் துருப்புள்ளிகள் சில கிடந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் பறவைகள் போலத் தெரியும்.

அந்தக் காலத்தில் படம் என்றால் அதற்குள் ஒரு புனிதரோ, வேட்டைக்காரனோ, குறைந்தது ஒரு கழுதையோ இருக்க வேண்டும் என்று அந்த அம்மையார் சொல்வார். இதில் ஒருவரும் இல்லை. வெறும் நிலம். இடது பக்கத்தில் உயரமான ஒரு நத்தார் மரம், கிறிஸ்மஸுக்கு வீட்டில் வைக்கிற ஊசியிலை மரம். அதன் கீழ்க் கிளைகள் பட்டுப்போய், பாசி தொங்கி, நிலத்தைத் தொடுகின்றன. மரத்தடியில் ஒரு பாதை திரும்புகிறது. அந்தப் பாதை பள்ளத்தில் இறங்கி, கூரைகளும் ஒரு தேவாலயக் கோபுரமும் உள்ள ஊருக்குப் போகிறது. அதற்கப்பால் மலை. "இதில் கதை இல்லை, அதுதான் இதன் புதுமை" என்று அவர் முடிப்பார். கூட்டம் தலையாட்டிவிட்டுப் போகும்.

பார்வையாளர்களுக்காகச் சுவரில் ஒரு பெரிதாக்கும் கண்ணாடி கயிற்றில் தொங்கவிடப்பட்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து நான் அதை எடுத்துப் படத்தின் மேல் பிடித்தேன். பொழுதுபோகாமல்தான் செய்தேன். மரத்தின் தொங்கும் கிளைகள் கண்ணாடிக்குள் பெரிதாகி வந்தன. எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது. கண்ணாடியை விட்டுவிட்டு என் ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று பின்னேரம் வரை அந்த மூலைக்குப் போகவில்லை.

அந்த மரத்தை எனக்குத் தெரியும். அதே மரம் என்று சொல்ல வரவில்லை, ஐந்நூறு வருடம் ஒரு மரம் நின்றிருக்காது. ஆனால் அந்தப் பக்கத்து மரம். செக் நாட்டுக்கும் பவேரியாவுக்கும் நடுவில் உள்ள காட்டில் மரங்கள் அப்படித்தான் பாசியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்.

நானும் என் கூட்டாளியும் அந்தக் காட்டுக்குள்ளால்தான் இந்த நாட்டுக்குள் வந்தோம். இரண்டு பேருக்கும் அப்போது இருபது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். பிராக் நகரில், காசு வாங்கி ஆட்களை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் ஒரு வீட்டில் எங்களைப் பதினெட்டு நாள் அடைத்து வைத்திருந்தான். அங்கேதான் நாங்கள் அண்ணை என்று கூப்பிட்டவரைச் சந்தித்தோம். எங்களைவிட எட்டு வயது மூத்தவர். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். அந்தப் பதினெட்டு நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர், பயந்தபோது பகிடி சொன்னவர் அவர்தான். கால்களில் கந்தோருக்குப் போட்டுப் பழகிய தோல் சப்பாத்து. அடிப்பக்கம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும்.

மார்ச் மாதம், பனி பாதி கரைந்திருந்த ஒரு விடியற்காலையில் வழிகாட்டி எங்கள் மூவரையும் காட்டுக்குள் கூட்டிப்போனான். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். ஓர் ஓடையைக் காட்டி, அதைக் கடந்தால் ஜெர்மனி, நேராகப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டான். ஓடையில் கல்லுக்குக் கல் தாவும்போது அண்ணை வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகியது. அரை மணி நேரத்தில் சப்பாத்தைக் கழற்ற முடியாதபடி வீங்கிவிட்டது. இரண்டு பக்கமும் தோள் கொடுத்து ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போனோம். காடு முடிகிற இடத்தில் பெரிய மரம் ஒன்று நின்றது. அதன் கிளைகள் கூடாரம் மாதிரி நிலம் வரை தொங்கியதால் அடியில் பனி இல்லை, காய்ந்த சருகு. அண்ணையை அங்கே இருத்தினோம். கீழே பாதையும், கூரைகளும், தேவாலயக் கோபுரமும் தெரிந்தன. பகல் வெளித்துவிட்டது.

ஊருக்குப் போய் யாரையாவது கூட்டி வருகிறோம் என்று சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் இறங்கினோம். பாதைக்கு வந்து பத்து நிமிடம் ஆகவில்லை, பொலிஸ் கார் வந்து நின்றது. எங்களைப் பின் ஆசனத்தில் ஏற்றினார்கள். அங்கேதான் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். எங்கிருந்து வந்தோம் என்று காட்டினால் அதே வழியால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மொழி தெரியாதுதான். ஆனால் கையை நீட்டி மேலே காட்ட மொழி தேவையில்லை. பொலிஸ் நிலையத்திலும் சொல்லவில்லை. அகதி முகாமில், மூன்றாம் நாள், ஒரு மொழிபெயர்ப்பாளரிடம்தான் சொன்னோம்.

அண்ணை அந்த மரத்தடியில் ஓர் இரவு முழுவதும் இருந்திருக்கிறார். ஒருவரும் வராததால் மறுநாள் வந்த வழியே தவழ்ந்து ஓடைக்கு அந்தப் பக்கம் போனபோது செக் நாட்டு வனக் காவலர்கள் கண்டெடுத்தார்கள். குளிரில் கருகிய கால்விரல்கள் மூன்றை வெட்டினார்கள். ஆறிய பிறகு கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். பிறகு அவர் வன்னியில் ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்தார் என்று கேள்விப்பட்டோம். கடைசி யுத்தத்தில் பீரங்கிச் செல் விழுந்து செத்துப்போனார்.

அந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாகத்தான் பேர்லினுக்கு வந்தது. நொய்கெல்ன் பகுதியில் உள்ள கோயில் மண்டபத்தில் ஊர்க்காரர் சிலர் கூடி அவருக்கு அஞ்சலி செய்தார்கள். பேசச் சொல்லி என்னையும் அழைத்தார்கள். நான் எழுந்து, எல்லோருக்கும் முன்னால், என் கூட்டாளியைக் காட்டிச் சொன்னேன்: "பொலிசிட்டைச் சொல்லவேண்டாம், வாயைத் திறவாதை எண்டு அண்டைக்குச் சொன்னவன் இவன். சொல்லியிருந்தால் அண்ணையும் எங்களோடை இஞ்சை இருந்திருப்பார்." அவன் தன் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தான். மறுத்து ஒரு சொல் பேசவில்லை. எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து நாங்கள் பேசியதில்லை. அவன் இதே நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். ஒருமுறை நான் ஏறிய பஸ்ஸில் அவன் சாரதியாக இருந்தான். அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிவிட்டேன்.

இப்படியிருக்கத்தான் அந்தப் படம் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் அதோடு இருந்தேன். மரத்தை அடையாளம் கண்டபின் முதல் ஓரிரு கிழமை அவன் மேல் கோபம்தான் வந்தது. பிறகு அந்த மரத்தடியில், பாசி தொங்குகிற கிளைகளுக்குள், ஊசிக் கீறல்கள் நெருங்கி இருட்டாகக் கிடக்கிற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிழவர், இதில் மனிதரே இல்லையா என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அவர் போன பிறகு, பொய் சொல்லிவிட்டது மாதிரி இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு இந்தக் கதை புதிதல்ல. அவனுக்கும் அந்தப் படத்தைக் காட்டுங்கள், உங்களைத் தவிர அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தானே என்று சொன்னாள். கண்காட்சி முடிய இரண்டு கிழமை இருந்தது. அருங்காட்சியகக் கடையில் அந்தப் படத்தைத் தபாலட்டையாக விற்றார்கள். இரண்டு வாங்கினேன். ஒன்றில், முடிகிற திகதியை எழுதி, "இந்த மரத்தை ஒருக்கால் வந்து பார்" என்று ஒரே வரி எழுதி அவனுடைய விலாசத்துக்கு அனுப்பினேன். பெயர் போடவில்லை. என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.

கடைசிக் கிழமை, மழை பெய்த ஒரு புதன்கிழமை பகலில் வந்தான். குடையை வாசலில் வைத்துவிட்டு, பஸ் சாரதியின் நீலச் சட்டைக்கு மேல் ஒரு கோட்டோடு. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான், தலையசைக்கவில்லை. நான் கையால் மூலையைக் காட்டினேன். அவன் போய்க் கண்ணாடியை எடுத்துக் குனிந்தான். நான் என் இடத்திலேயே நின்றேன். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியவில்லை. இரண்டு கூட்டம் வந்து போய்விட்டது. அவன் விலகிக்கூட நிற்கவில்லை, ஆட்கள்தான் சுற்றிப் போனார்கள்.

எனக்கு ஓய்வு நேரம் வந்தபோது இருவரும் கோட்டுகள் தொங்கவிடும் இடத்து வாங்கில் போய் இருந்தோம். முதலில் அவன்தான் பேசினான்.

"இப்பிடி ஒரு மரத்துக்குக் கீழைதான் இருத்தினது."

"ஓம்."

"பொலிஸ் காருக்குள்ளை வாயைத் திறவாதை எண்டு சொன்னது ஆர் எண்டு உனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லையோ மச்சான்?"

"நீ."

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். குரலை உயர்த்தவில்லை. "நீதான் சொன்னனி. நான் மேலை கையைக் காட்டத் தொடங்கினனான். நீ என்ரை கையைப் பிடிச்சு மடிக்குள்ளை அமத்தி வைச்சுக்கொண்டு சொன்னனி."

அப்படியென்றால் மண்டபத்தில் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ அவ்வளவு உறுதியாச் சொன்னாய். எனக்கே சந்தேகம் வந்திட்டுது. ரெண்டு வருஷம் நான்தான் சொன்னனான் எண்டு நம்பிக்கொண்டு திரிஞ்சனான். பிறகுதான் கை ஞாபகம் வந்தது. ஆர் சொன்னது எண்டதை மறக்கலாம். கையைப் பிடிச்சதை மறக்கேலாது."

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கார் நன்றாக ஞாபகம் இருந்தது. முன்னால் இருந்த பொலிஸ்காரரின் சிவந்த கழுத்து, நாயின் மணம், காலில் அடித்த சூட்டுக்காற்று. அந்தச் சூடு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருந்தது. வாயைத் திறவாதே என்ற சொல்லும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது யாருடைய குரல் என்று தேடினால் அங்கே ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் அந்த இடத்தில் அவனுடைய குரலை நான் வைத்திருக்கிறேன். வைத்தது எப்போது என்றும் தெரியவில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவன் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, தனக்கு மூன்று மணிக்கு வேலை என்றான். வாசலில் நின்று, "அக்காவிட்டை ஒருக்கால் போகவேணும்," என்று மட்டும் சொன்னான்.

அக்கா என்றது அண்ணையின் தங்கையை. எங்களுக்கு மூத்தவர் என்பதால் அக்கா. கலியாணம் செய்து ஜெர்மனியின் மேற்கில் உள்ள வுப்பர்டால் நகரத்துக்கு வந்து வருடக்கணக்காகிறது. முதியோர் இல்லமொன்றில் வேலை. அவர் அங்கே இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவருமே ஒருநாளும் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்கு அழைப்பு வந்தபோதும் நான் வேலையைச் சாட்டித் தப்பியவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய காரில் போனோம். ஆறு மணி நேர ஓட்டம். வழியில் அதிகம் பேசவில்லை. போனில் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அக்கா சமைத்து வைத்திருந்தார். மூன்றாம் மாடி. யன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கடந்து போனது. சாப்பிட முதல் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். சாப்பிட்ட வாயோடு சொல்ல ஏலாது.

"அக்கா, அண்ணையை மரத்தடியிலை விட்டிட்டு வந்தது நாங்கள் ரெண்டு பேரும். பொலிசுக்குச் சொல்லவேண்டாம் எண்டது இவன் எண்டு நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். நான்தான் சொன்னனான் எண்டு இவன் சொல்லுறான். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் இவன் பொய் சொல்லுற ஆள் இல்லை."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"அண்ணா எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே," என்றார். "தான்தான் உங்களுக்குச் சொன்னவராம். பிடிபட்டால் என்னைப்பற்றி மூச்சு விடாதையுங்கோ, சொன்னால் மூண்டு பேரையும் திருப்பிப் போடுவாங்கள், கால் ஆறினவுடனை நான் மெல்ல வாறன் எண்டு சொன்னவராம். நான் ரெலிபோனிலை கேட்ட நேரமெல்லாம் அதைத்தான் சொன்னவர்."

என் கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அது ஞாபகம் இல்லை. அண்ணை மரத்தடியில் இருந்துகொண்டு கடைசியாகச் சொன்னது, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள் என்பதுதான். அதில் இருவரும் ஒத்துப்போனோம்.

"அது உண்மையோ அக்கா?" என்று அவன் கேட்டான்.

"எனக்கு என்னண்டு தெரியும்? உண்மையா இருக்கலாம். உங்களை ஒருத்தரும் குற்றம் பேசக்கூடாது எண்டு சொன்னதாயும் இருக்கலாம். அவர் அப்பிடியான ஆள்தான்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். என் கூட்டாளி என் முதுகில் கையை வைத்தான், வைத்தபடியே யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்தார். என்னைத் தேற்றுகிற மாதிரி ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குச் சரியாகப் பட்டது. யார் சொல்லியிருந்தாலும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது நாங்கள்தான். அண்ணை அப்படிச் சொல்லியிருந்தால்கூட, அதைக் கேட்டு நடந்திருக்கத்தான் வேண்டும் என்று இல்லை.

அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டார். நான் வாங்கிய மற்றத் தபாலட்டை என் பைக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இது அந்த இடம் இல்லை, ஆனால் இப்படித்தான் இருந்தது என்றேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எந்த இடத்திலை இருந்தவர்?"

என் கூட்டாளி விரலை நீட்டி மரத்தடியில் கறுப்பாகக் கிடந்த இடத்தைத் தொட்டான். அக்கா அந்த இடத்தைத் தன் நகத்தால் மெல்ல வருடினார். பிறகு சாப்பாடு போட்டார்.

சாப்பிடும்போது அவர் கேட்கத் தொடங்கினார். அந்தப் பதினெட்டு நாளும் அண்ணை என்ன சமைத்தவர், எப்படிப் பகிடி சொன்னவர், காட்டுக்குப் போகிற அன்று காலை என்ன சாப்பிட்டவர், என்ன நிறச் சுவெற்றர் போட்டிருந்தவர். கால்விரல் போன கதையை மட்டும்தான் அண்ணா சொன்னவர், மற்றதெல்லாம் கேட்டால் சிரிப்பார் என்றார். நாங்கள் சொன்னோம். நான் பச்சைச் சுவெற்றர் என்றேன், அவன் மண்ணிறம் என்றான். உருளைக்கிழங்குக் கறிக்கு மிளகாய்த்தூள் கிடைக்காமல் அண்ணை யன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரியிடம் சைகையால் கேட்டதையும், அவள் அழகுசாதனப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்ததையும் அவன் சொன்னான். எனக்கு அது அடியோடு மறந்திருந்தது. அக்கா சிரித்தார். சிரித்துவிட்டு, இன்னும் சொல்லுங்கோ என்றார். பொழுது சாயும் வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

புறப்படும்போது, வைகாசியில் தனக்கு லீவு இருக்கிறது, அந்தக் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று கேட்டார். ஓம் என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பெருந்தெருவில் ஏறியதும் மழை பிடித்தது. என் கூட்டாளி தன் மூத்த மகள் மருத்துவத் தாதிக்கு ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி படிப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது வயது. கடைசிப் பரீட்சை எப்போது என்று கேட்டேன். ஆனியில் என்றான். அதற்குப் பிறகு, வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திக் கோப்பி குடித்துவிட்டு, மிச்ச வழிக்குக் காரை நான் ஓட்டினேன். அவன் பக்கத்து ஆசனத்தில் தூங்கிவிட்டான்.